ஒரு குழிக்கு ஒன்று

இரவு ஷிப்ட் முடிந்து
கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து
வண்ணாரப்பாளையம் முனையில் இறங்கி வந்தால்
வீட்டில் அடுத்த ஷிப்ட்
ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது.

பெயர் இதழினி. ஒன்றே முக்கால் வயது.
முதலாளியும் அவள்தான், மேஸ்திரியும் அவள்தான்.
தமயந்தி தலையைப் பாதி வாரிக்கொண்டு
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்கு ஓடியபிறகு
அவளிடம் நான் தினக்கூலி.

முப்பது குழி முட்டை அட்டை.
பண்ருட்டிப் பலாவின் கொட்டைகள்,
கழுவி வெயிலில் உலர்த்தியவை.
ஒரு குழிக்கு ஒன்று.
தவறி இரண்டு விழுந்துவிட்டால்
கணக்கு இடிக்கிற கடைக்காரர் மாதிரி
முகம் சுருங்குகிறது.
எடுக்கிறாள், பார்க்கிறாள், லேசாக நக்குகிறாள்,
பக்கத்துக் குழியில் வைத்துவிட்டு
என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.
நான் கைதட்ட வேண்டுமாம்.
தட்டுகிறேன். கண் சொருகுகிறது.
அடுத்த கைதட்டல் தாமதமானால்
ஒரு கொட்டை என் காதுக்குள் வருகிறது.

ஹார்லிக்ஸ் மூடி தூக்குச்சட்டிக்குப் பொருந்தாது.
சொல்லலாம். சொல்லவில்லை.
திருப்பி வைத்தாள், குத்திப் பார்த்தாள்,
கடைசியில் தன் தலையில் வைத்துப் பார்த்தாள்,
அங்கே உட்கார்ந்தது.

பிறகு குளியலறை வாளி.
டீ வடிகட்டியில் தண்ணீர் மொண்டு
எனக்குக் குடிக்கக் கொண்டுவருகிறாள்.
வந்து சேரும்போது ஒன்றுமில்லை.
வடிகட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறாள்.
தான் வந்த வழியெல்லாம் ஈரக்கோடு;
அதையும் குனிந்து பார்க்கிறாள்.
மறுபடி போகிறாள். மறுபடி ஒன்றுமில்லை.
எங்கள் பிளான்ட்டில் ஒரு கசிவைத் தேட
மூன்று பேர், ஒரு மீட்டர், ஒரு பதிவேடு.
இவள் ஒருத்தி, ஜட்டியோடு.
ஏழாவது தடவை ஓடி வந்தாள்.
ஓடினால் மிஞ்சும் என்று
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
உள்ளங்கையில் மூன்று சொட்டு.
குடித்தேன்.

எட்டாம் மாதம் வரைக்கும்
துண்டுக்கு அடியில் பந்தை ஒளித்தால்
பந்து உலகத்திலேயே கிடையாது அவளுக்கு.
தேட மாட்டாள், அழ மாட்டாள்.
ஹெல்மெட்டோடு நான் கிளம்பினாலும்
படி இறங்குவதற்குள் தீர்ந்துபோவேன்.
போவது லேசாக இருந்தது.

நான்தான் பழக்கினேன்.
துண்டை இழு, இதோ பந்து.
முகத்தை மூடு, அப்பா எங்கே, இதோ அப்பா.
நாளைக்கு நாற்பது தடவை.
வம்பை விலைக்கு வாங்கினேன்.
மறைந்ததும் இருக்கிறது என்று
அவளுக்குத் தெரிந்த அன்று ராத்திரி
நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு
தெரு எழுந்து வரும்படி அழுதாள்.
'வளர்றா' என்றாள் தமயந்தி, ஆஸ்பத்திரிக்காரி.
அந்த அழுகை டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறி
முதுநகர் தாண்டியும் இறங்கவில்லை.
எத்தனையோ மாதம் அப்படித்தான் வந்தது.

இன்று ஒன்பது மணிக்கு
ஹெல்மெட்டைக் காணவில்லை.
கட்டிலடியில் இல்லை, வண்டிமேல் இல்லை.
ஜன்னல் திரைக்குக் கீழே
இரண்டு குட்டிப் பாதம்.
'டாட்டா' என்றது திரை.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
விலக்கிக்கொண்டு வந்தாள்,
மூக்கு வரைக்கும் மஞ்சள் ஹெல்மெட்.
'அப்பா வந்தாச்சு.'

நான்தான் அது.
திரும்பப் போனேன். திரும்ப வந்தேன்.
மூன்றாம் தடவை திரைக்குப் பின்னாலிருந்து
என் இருமல் கேட்டது,
காலையில் செருப்பைக் கழற்றும்போது
நான் இருமுகிற அதே இருமல்.
அவளை விட்டுவிட்டு நான் போகும் இடத்தில்
அவள் நின்றுகொண்டிருந்தாள்.
துண்டின்மேல் கண் வைத்த குழந்தையாய்
நான் வெளியே.

முனையில் பஸ் ஹாரன்.
ஹெல்மெட்டை அவளே நீட்டினாள்.
உதடு கோணியது, அழுகை பாதியில் நின்றது,
போகச் சொல்லிக் கை ஆட்டினாள்,
உள்ளங்கையைத் தன் பக்கமே திருப்பி.

கம்பெனி கேட்டில்
தலையில் கவிழ்க்கும்போது ஏதோ இடித்தது.
எடுத்துப் பார்த்தேன்.
'என்ன சார் அது?' என்றார் செக்யூரிட்டி ராயப்பன்.
பலாக்கொட்டை.
ஒன்றே ஒன்று.
கணக்கு சரியாக இருக்கிறது என்றேன்.